நீந்தத் தெரியாதவர்களும் போகலாம் எரிமலைத் தீவுக்கு

மாசி மாதம் பிறந்தால் மொன்றியல் தமிழ் வீடுகளில் ஒரே கதைதான். யார் கான்கூன் போகினம், யார் புன்டா கானா போகினம், யாருக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தது. கையில் வளையம் மாட்டிவிடுகிற ஹோட்டல், நேரத்துக்குச் சாப்பாடு, நீச்சல் குளத்தோரம் சாய்கதிரை. ஒரு கிழமை கழித்துக் கறுத்துப்போய்த் திரும்பி வந்து, "நல்லாத்தான் இருந்தது, ஆனா சாப்பாட்டில உறைப்பில்லை" என்பார்கள். நானும் அப்படிப் போய் வந்தவள்தான், குறை சொல்லவில்லை. வெளியே மைனஸ் 25 நிற்கும்போது சூடான ஓரிடத்தில் சும்மா படுத்துக் கிடப்பதே பெரிய காரியம்.

இந்த முறை குவாதலூப் போனோம். கரீபியன் கடலில் இருந்தாலும் அது பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. காசு யூரோ, பேச்சு பிரெஞ்சும் கிரியோலும். குளிர்காலத்தில் மொன்றியலில் இருந்து நேர் விமானம் இருக்கிறது, ஐந்து மணித்தியாலம் அளவில் கொண்டுபோய் விட்டுவிடும். இந்த ஊருக்கு வந்த புதிதில் மாலை வகுப்பில் தூங்கி விழுந்து படித்த பிரெஞ்சு, இதுவரை வேலைத்தலத்துக்கும், வைத்தியசாலைக்கும், அரசாங்கக் கடிதம் வாசிக்கவும்தான் உதவியிருக்கிறது. அதை விடுமுறைக்குக் கொண்டுபோய்ச் செலவழித்தது இதுதான் முதல் தடவை. அங்கே என் உச்சரிப்பைக் கேட்ட கடைக்காரி, "கியூபெக்கா?" என்று கேட்டாள். அந்தக் கணம் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

போக வேண்டும் என்று நின்றது மகள். அவளுக்கு வேண்டியது தீவின் மேற்குக் கரையில், புயான்த் என்ற ஊருக்கு முன்னால் கடலில் நிற்கும் பிஜோன் என்ற சின்னஞ்சிறு எரிமலைத் தீவு. உண்மையில் அது இரண்டு துண்டு, பெரியது ஒன்று, சிறியது ஒன்று. அதைச் சுற்றிக் கடலுக்குள் முகத்தை வைத்துப் பார்க்க ஒரு வழிகாட்டியோடு காலைப் படகு போகும் என்று எங்கேயோ பார்த்து வைத்திருந்தாள்.

"எரிமலை பார்க்க ஏன் அவ்வளவு தூரம்? எங்கட மலையே எரிமலைதானே" என்றார் இவர்.

மொன்றியலில் பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும், மோன் றோயால் ஒரு அணைந்த எரிமலை என்று. இதில் பாதிதான் சரி. சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியிலிருந்து ஏறிய பாறைக்குழம்பு பூமிக்குள்ளேயே ஆறி இறுகிவிட்டது. மேலே மூடியிருந்த மென்மையான பாறை காலப்போக்கில், கடைசியாகப் பனியாறுகளாலும், தேய்ந்துபோக, உள்ளே இருந்த கடினமான கட்டி 233 மீற்றர் உயரத்தில் மிச்சமாய் நிற்கிறது. சேன்-புறுனோ, சேன்-ஹிலேர் மலைகளும் இதே குடும்பம். ஆனால் எரிமலை வெடிப்பின் நேரடி அடையாளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மலைக்குப் போகக்கூடாது, மெற்றோ மஞ்சள் கோட்டில் ஒரே ஒரு தரிப்புப் போக வேண்டும். சேன்த்-ஏலேன் தீவின் அடியில் இருப்பது, வாயுவோடு கூடிய குழம்பு வெடித்துச் சிதறியபோது நொறுங்கி ஒட்டிக்கொண்ட கற்கள். 1611 இல் சம்பிளேன் தன் மனைவியின் பெயரை வைத்த தீவு. 1967 எக்ஸ்போவுக்காக மண்ணும் கல்லும் கொட்டி அதைப் பெருப்பித்தார்கள், மெற்றோ சுரங்கம் தோண்டிய கல்லும் அதற்குள் போனது. அந்தத் தீவில் உள்ள லா றோந்த் கேளிக்கைப் பூங்காவில் பிள்ளைகளைச் சுழல விட்டுவிட்டு வெளியே வாங்கில் காத்திருந்த தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர்! அத்தனை பேரும் ஒரு பழைய எரிமலையின் தொண்டைக்கு மேல்தான் இருந்திருக்கிறோம்.

அங்கே கடல் விலங்கும் வந்திருக்கிறது. 2020 மே கடைசியில் ஒரு கூனல் முதுகுத் திமிங்கிலம் பழைய துறைமுகத்துக்கு முன்னால் துள்ளியது. கொரோனாவில் அடைபட்டுக் கிடந்த சனம் எல்லாம் கரைக்கு ஓடியது. சில நாளில் அது கீழே வாறென் பக்கம் செத்து மிதந்தது. 2022 மே மாதத்தில் இரண்டு மிங்கி திமிங்கிலங்கள் இந்தத் தீவை ஒட்டிய நீரோட்டத்திலேயே சுற்றின. ஆக, எரிமலைத் தீவும் திமிங்கிலமும் எங்கள் வாசலிலேயே உண்டு, இவர் சொன்னதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் சென் லோறன்ஸ் நதிக்குள் முகத்தை வைத்தால் நீட்டிய கை கலங்கலாய்த் தெரிந்தாலே பெரிது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, ரிக்கெற் எடுத்தோம்.

என் பிரச்சினை வேறு. எனக்கு நீந்தத் தெரியாது.

பிறந்தது காரைநகர், சுற்றிவரக் கடல். கசூரினா கடற்கரைக்குப் போனால் பெண் பிள்ளைகள் முழங்காலளவு தண்ணீரில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அண்ணன்மார் கீரிமலைக் கேணியில் குதித்துக் குதித்து நீச்சல் பழகினார்கள். எங்களுக்கு அதே கீரிமலையில் வேறு கேணி, அதில் குதித்தால் யார் பார்ப்பார்கள், என்ன சொல்வார்கள் என்ற கணக்கு. அதன்பிறகு யுத்தம். கடல் என்றால் நேவிப் படகு, சூட்டுச் சத்தம், இரவோடிரவாகக் கடந்த கிளாலி. என் வயதில் நீந்தத் தெரிந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியைக் காட்டினால் நான் விருந்து வைப்பேன்.

ஸ்நோர்க்கலுக்கு நீச்சல் கட்டாயம் இல்லை என்பதை மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. உண்மை அதுதான். மிதக்கும் ஜாக்கெற் உடம்பைத் தூக்கிப் பிடித்துவிடும். முகம் மட்டும் தண்ணீருக்குள். தேவையானது ஒன்றே ஒன்று, வாயால் நிதானமாக மூச்சு விடுவது. அது வெளியில் நின்று கேட்கும்போது சுலபம். தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் நெஞ்சு "மூக்கால் இழு" என்று கட்டளை போடும், மாஸ்க் மூக்கை மூடியிருக்கும், உடனே பதற்றம். இந்தப் பதற்றத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு போக வேண்டும். மொன்றியலில் நகரசபை நீச்சல் குளங்களுக்கா பஞ்சம்? உயிர்காப்பாளரிடம் கேட்டுவிட்டு, ஆழமில்லாத பக்கத்தில், சுவரைப் பிடித்தபடி மாஸ்க்கும் குழாயும் போட்டு முகத்தை அமிழ்த்திப் பழகினேன். பக்கத்தில் நீந்திய சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல பகிடி. இருக்கட்டும்.

குவாதலூப்பின் வரைபடத்தைப் பார்த்தால் வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு சிறகு. கிழக்குச் சிறகு க்ராந்த்-தேர், சுண்ணாம்புக்கல், தட்டை நிலம், கரும்பு. வெயிலும் வெள்ளை மண்ணும் பார்த்தவுடன் எனக்கு வலிகாமம்தான். மேற்குச் சிறகு பாஸ்-தேர், முழுக்க எரிமலை. நடுவே ஒடுங்கிய உப்பாறு, பாலத்தால் கடந்தால் வேறு தேசம். மலை, மேகம், மழை, ஆளுயரப் பன்னங்கள். காட்டுக்குள்ளால் மலையை ஊடறுத்துப் போகும் ஒரு வீதியால் மேற்குக் கரைக்கு இறங்கினோம். தெற்கே சூஃப்ரியேர், 1467 மீற்றர், இன்றைக்கும் புகைகிற எரிமலை. நாங்கள் போன அன்று மேகம் மூடி எதுவும் தெரியவில்லை.

1976 இல் அது குமுறியபோது எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தை மாதக்கணக்கில் இடம்பெயர வைத்தார்கள். வெடிக்கும் என்று ஒரு விஞ்ஞானி, வெடிக்காது என்று இன்னொரு விஞ்ஞானி, பத்திரிகைகளில் பெரிய சண்டை. கிளோட் அலேக்ர், ஹாரூன் தாசியெஃப் என்ற இரண்டு பெயரும் அங்கே வயதான ஆட்களுக்கு இன்னும் ஞாபகம். கடைசியில் பெருவெடிப்பு வரவில்லை, ஒருவரும் சாகவில்லை. ஆனால் 1902 இல் பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் பெலே மலை சேன்-பியேர் நகரத்தையே சில நிமிடத்தில் அழித்து, ஏறத்தாழ முப்பதினாயிரம் பேரைக் கொன்றது. அந்தக் கதை தெரிந்த அதிகாரிகள் இடம்பெயரச் சொன்னதில் என்ன பிழை? வீட்டைப் பூட்டிவிட்டு மூட்டையோடு போனவர்களின் பக்கம்தான் என் மனம் நின்றது. இடம்பெயர்வு என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

படகு வெளிக்கிடுவது மாலன்தூர் கடற்கரையில். மணல் கருஞ்சாம்பல் நிறம், வெறுங்காலோடு பத்தரை மணிக்கு நடந்தால் துள்ளிக் குதிக்க வேண்டும். கரையெல்லாம் படகுக் கம்பனிக் கொட்டில்கள், கண்ணாடி அடித்தளப் படகும் உண்டு, தண்ணீரில் இறங்கவே மாட்டோம் என்பவர்களுக்கு. எங்கு பார்த்தாலும் "குஸ்தோ ரிசேர்வ்" என்று பலகை. பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் குஸ்தோ இந்தக் கடலைப் புகழ்ந்ததால் ஊரில் நிலைத்த பெயர் அது. சட்டப் புத்தகத்தில் அப்படியொரு காப்பகம் கிடையாது. 2009 முதல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் குவாதலூப் தேசியப் பூங்காவின் உள்வட்டத்துக்குள் வந்துவிட்டன, மீன் பிடிக்கத் தடை. விளம்பரத்துக்கு மட்டும் குஸ்தோ.

எங்கள் படகில் ஒரு டசின் பேர் அளவில் இருந்தோம். வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க பெண். ஜாக்கெற் போடுவது, மாஸ்க்கில் துப்பித் தேய்த்துக் கழுவுவது (புகார் படியாமல் இருக்க இதைவிட மேலான மருந்து இல்லை, அருவருக்க வேண்டாம்), கால்துடுப்பைப் படகுக்குள் போட்டுக்கொண்டு நடக்காமல் இருப்பது எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லி முடித்தாள். பிறகுதான் நீண்ட பேச்சு. அதில் எனக்கு மனதில் நின்றது இது:

"நான் எதையும் காட்டித் தருவேன் என்று வாக்குத் தர மாட்டேன். ஆமையைப் பார்த்தால் பின்னால் போகாதீர்கள். மேலிருந்து அதன் தலைக்கு நேரே வராதீர்கள். கையையும் காலையும் ஆட்டாமல் மிதந்துகொண்டிருங்கள். உங்களைப் பொருட்படுத்தாமல் அது தன் வேலையைப் பார்க்கும். அப்போதுதான் நீங்கள் ஆமையைப் பார்க்கிறீர்கள். துரத்தினால் ஆமையின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள்."

படகில் இருந்த இரண்டு பேர் உடம்பெல்லாம் வெள்ளையாகக் கிறீம் பூசி மினுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தன் நீளக்கைச் சட்டையை இழுத்துக் காட்டி, இதுதான் நல்ல கிறீம் என்றாள். ஹவாயில் முருகைக்கல்லுக்குக் கூடாத இரண்டு இரசாயனம் கலந்த வெயில் கிறீம்களை விற்கவே 2021 முதல் தடை. எங்கள் ஆட்களுக்கு இதில் கஷ்டமில்லை. உடம்பை மூடிக் குளிக்கத்தான் எங்களுக்குத் தெரியுமே.

தீவுக்குப் போகப் பத்து நிமிடம் ஆகாது. கிட்டப் போனால்தான் பாறையின் முகம் தெரிகிறது. கறுப்பும் துருச்சிவப்புமாய், குழிகுழியாய், அலை அடித்துத் தின்ற விளிம்பு. மேலே முட்செடியும் கள்ளியும். கூழைக்கடாக்கள் வரிசையாகக் குந்தியிருந்தன. ஒன்று எழும்பி, ஒரு வட்டம் அடித்து, செட்டையை மடித்துக்கொண்டு தலைகீழாகக் கடலில் விழுந்தது. விழுந்த வேகத்தில் கழுத்து முறிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். தொண்டைப் பையில் தண்ணீரும் மீனுமாய் நிமிர்ந்து, தண்ணீரை வடித்துவிட்டு மீனை விழுங்கியது. உயரத்தில் பிளவு வாலோடு ஃப்ரிகேட் பறவைகள். மற்றப் பறவை பிடித்த மீனை ஆகாயத்திலேயே பறித்துத் தின்னும் ரவுடிகள் அவை.

படகை மிதவையில் கட்டினார்கள், நங்கூரம் போட்டால் அடியில் உள்ளது உடையும் என்பதால். நீந்தத் தெரியாதவர்களுக்கு வழிகாட்டி ஒரு மிதவை வளையம் கொண்டுவந்திருந்தாள். நானும், சாகனேயில் இருந்து வந்த ஒரு வயதான கியூபெக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அவள் முன்னால் இழுத்துக்கொண்டு போவாள். ஏணியால் இறங்கி முகத்தை வைத்த முதல் நிமிடம், குளத்தில் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. தலையைத் தூக்கினேன். "உள்ளே இழுப்பதை விடுங்கள், வெளியே ஊதுவதை மட்டும் கவனியுங்கள், நீளமாக" என்றாள். அப்படி ஊதினேன். இழுப்பது தானாக நடந்தது. இந்த ஒரு வசனத்துக்கே அவளுக்குக் கொடுத்த காசு சரி.

அதன்பிறகு முதலில் வந்தது சத்தம். கடலுக்கடி மௌனமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். கடுகு வெடிப்பதுபோல இடைவிடாத பொரிப்பு. கல் இடுக்குகளில் இருக்கும் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது என்று பிறகு அறிந்தேன். அதற்கு மேல் அவ்வப்போது ஒரு கறுக் கறுக். பார்த்தால் பச்சையும் நீலமுமாய்க் கிளிமீன் ஒன்று அலகு போன்ற வாயால் பாறையைச் சுரண்டித் தின்கிறது. ஒரு கடி, ஒரு கீறல் அடையாளம். சற்றுத் தள்ளிப்போய்ப் பின்பக்கத்தால் வெள்ளை மணல் தூளைக் கொட்டிவிட்டு மறுபடியும் வந்தது. கரீபியனின் வெள்ளை மணற் கரைகளில் கணிசமான பங்கு இந்த மீன்களின் கழிவு. அதில் துவாய் விரித்துப் படுக்கிறவர்களிடம் சொல்ல வேண்டாம்.

எரிமலைத் தீவு என்பதற்கு அர்த்தம் தண்ணீருக்குள்தான் விளங்கியது. கரையோர மணல் கடல் மெதுவாக ஆழமாகும். இங்கே கறுத்த சுவர் நேராகக் கீழே இறங்குகிறது. குழம்பு உறைந்த கல்லின் சொரசொரப்பில் உயிர்கள் பற்றிக்கொள்ள இடம் நிறைய. ஒரு குழிக்குள் நீள முள்ளோடு கடல் முள்ளெலி, அதன் பக்கத்தில் ஊதாக் குழாய்போலக் கடற்பஞ்சு, மேலே ஊதாக் கடல் விசிறி அலைக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. மூளை மடிப்புப் போன்ற முருகைக்கல் கறுத்த பாறையின் மேல் கொப்புளமாய் ஒட்டியிருக்கிறது. கறுப்பு வரி போட்ட மஞ்சள் மீன் கூட்டம் முகத்துக்கு முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தது. சாகனேக்காரர் குழாய்க்குள்ளால் ஏதோ கத்தினார். பார்த்தால் கொஞ்சம் தள்ளி ஒரு சீலா, கீழ்த்தாடையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. கருவாட்டுக்கடையில் பார்த்த மீனை உயிரோடு, அதன் வீட்டில் பார்க்கக் கொஞ்சம் மரியாதையாகத்தான் இருந்தது.

விளம்பரப் படங்களில் உள்ள வர்ணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முருகைக்கல்லில் நிறைய இடம் வெளிறியும் பாசி மூடியும் கிடக்கிறது. 2023 இலும் 2024 இலும் கரீபியன் கடல் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியபோது வெளுத்தவற்றில் பல மீளவில்லை. வழிகாட்டி ஒவ்வொரு இடமாக விரலால் காட்டினாள், மேலே வந்தபோது சலிப்பில்லாமல் விளக்கமும் சொன்னாள். குஸ்தோவின் சிலையும் அங்கே உண்டு, பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில். மேலே மிதந்து பார்த்தால் மங்கலாக ஒரு கட்டி தெரியும். சுழியோடிகள் இறங்கிப்போய்த் தலையைத் தடவுவார்களாம். எனக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை.

ஆமையைக் கண்டது தீவில் அல்ல, திரும்பி வரும் வழியில், கரைக்குக் கிட்டக் கடற்புல் படுக்கையில். பச்சை ஆமை. ஓட்டின் மேல் பாசி, முதுகில் இரண்டு ஒட்டுமீன் சவாரி. முன்துடுப்பால் மண்ணை ஊன்றிக்கொண்டு புல்லைக் கத்தரித்துக் கத்தரித்துத் தின்கிறது. ஒவ்வொரு கடிக்கும் சின்னதாய் மண்புகை எழும்பும். நாங்கள் மேலே கையை மடித்துக்கொண்டு கிடந்தோம். திடீரென்று நிமிர்ந்து, அவசரம் ஒன்றுமில்லாமல் மேலே வந்தது. என்னில் இருந்து இரண்டு ஆள் நீளம் இருக்கும். தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி ஒரு மூச்சு, "ஹ்ஃபா" என்று, களைத்த கிழவி படியேறி விடுகிற மூச்சு. கண் என் பக்கம் திரும்பியது, பிறகு அப்படியே கீழே போய் விட்ட இடத்தில் தின்னத் தொடங்கிவிட்டது. 1991 முதல் இந்தத் தீவில் கடலாமைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு. அதற்கு முந்திய தலைமுறை இதைச் சமைத்துச் சாப்பிட்டது. வேறொரு படகில் வந்த மூன்று பேர் கமெராக் கம்போடு பாய்ந்து வந்தார்கள். ஆமை இரண்டு வீச்சில் நீலத்துக்குள் மறைந்தது. வழிகாட்டி முகத்தில் வந்த சலிப்பை நான் மறக்கவில்லை.

அந்தப் புல்லில் ஒரு கதை இருக்கிறது. ஆமை தின்றதில் பெரும்பகுதி கரீபியன் புல்லே இல்லை. செங்கடலுக்கும் இந்து சமுத்திரத்துக்கும் உரிய குட்டைப் புல் ஒன்று படகுகளோடு வந்து, 2002 இல் கிரனடாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, தீவு தீவாகப் பரவிவிட்டது. பாறை இடுக்கில் வழிகாட்டி தேடிக்கொண்டே வந்த சிங்கமீனும் எங்கள் பக்கத்துக் கடல்தான். அது குவாதலூப்பில் தலைகாட்டியது 2010 அளவில், உள்ளூர்க் குஞ்சு மீன்களை வாரி விழுங்குகிறது. எங்கள் சமுத்திரத்தில் இருந்து இங்கே வந்து குடியேறியவை பல என்று நான் யோசித்துக்கொண்டு படகில் ஏற, படகோட்டி என் நெற்றியைப் பார்த்துக் கேட்டார், "நீங்கள் இந்தியரா?"

இலங்கைத் தமிழர் என்றேன். தன் குடும்பப் பெயரைச் சொன்னார். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் "சாமி" என்று முடிகிற பெயர். 1848 இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் போதவில்லை. 1854 மார்கழியில் முதல் கப்பல் ஒரேலி வந்தது. அதிலிருந்து 1889 வரை நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கினார்கள், புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறியவர்கள் நிறையப் பேர். பெரும் பகுதியினர் நோயிலும் வேலையிலும் செத்தார்கள். பிழைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடைக்கவில்லை. 1863 இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் வழக்குப் போட்டு வருஷக்கணக்காகப் போராடி, 1923 இல்தான் அது நிறைவேறியது. படகோட்டிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லையாம், நவம்பர் தொடக்கத்தில் செத்தவர்களுக்குப் படைப்பார்களாம், காப்ஸ்தேரில் மாரியம்மன் கோயிலில் மத்தளம் அடிப்பவர் தன் மாமனாம்.

"நீங்கள் தமிழ் பேசுங்கள், கேட்கிறேன்" என்றார்.

என்ன பேசுவது? மகளைக் கூப்பிட்டு, "பிள்ளை, தலையைத் துடை, தடிமன் வரப்போகுது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அர்த்தம் சொல்லாமலே விளங்கிவிட்டது.

கரை சேர முன் புயான்த் பக்கம் ஒரு குடாவில் நிறுத்தினார்கள். கடலோரக் கல்லிடுக்கில் இருந்து வெந்நீர் கசிந்து கடலோடு கலக்கிறது. ஒரு அலை குளிர், அடுத்தது சூடு. காலால் மண்ணைக் கிளறினால் சுடுகிறது. கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்றிய வெந்நீர் ஞாபகம் வந்தது, ஆனால் இங்கே அடியில் இருப்பது உண்மையான எரிமலைச் சூடு. ஊருக்குள் 1986 முதல் அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கிறார்கள். திமிங்கிலம் காணவில்லை. இந்தக் கரையில் கடல் சட்டென்று ஆழமாவதால் எண்ணெய்த்திமிங்கிலங்கள் ஆண்டு முழுக்க நடமாடும். கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் குட்டிபோட வரும். அதற்கென்று தனிப் படகுகள் உண்டு, எங்களுக்குக் காசு போதவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். காலைப் படகையே எடுங்கள். மதியத்துக்குப் பிறகு காற்றும் கூட்டமும் கூடும், தண்ணீர் கலங்கும். ஆள் குறைந்த படகு, தண்ணீருக்குள் கூடவே இறங்கும் வழிகாட்டி, இரண்டையும் கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். வெறுமனே கொண்டுபோய்த் தள்ளிவிட்டு மேலே இருந்து சிகரெற் பிடிக்கிற படகும் உண்டு. கிழக்குக் கரையில் வசந்தம், கோடையில் சர்காசம் பாசி ஒதுங்கி நாறும், மாலன்தூர்ப் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் வாங்கிக்கொண்டு போவது நல்லது, எங்களோடு வந்த என் மச்சாள் பாதிக் கடலை மங்கலாகத்தான் பார்த்தாள். தீவில் கார் இல்லாமல் நகர முடியாது. சாப்பாட்டில் உறைப்பு வேண்டுமென்றால் கொலொம்போ என்ற கறியைக் கேளுங்கள், ஆட்டிறைச்சியில். எங்கள் கறித்தூளுக்குத் தூரத்துச் சொந்தம்.

விமானக் காசு இல்லை என்றால் கோடையில் காஸ்பேசி போங்கள். பெர்சேக்கு முன்னால் உள்ள பொனவென்தூர்த் தீவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கனெற் பறவைகள். தடித்த ரப்பர் உடை போட்டு வழிகாட்டியோடு சீல்களுக்கிடையில் மிதக்கவும் விடுகிறார்கள். அது எரிமலைத் தீவு அல்ல, தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும், பன்னிரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். ததூசாக் இன்னும் கிட்ட, அங்கே பெலூகாவைக் கண்டால் படகு 400 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம், ஏமாற்றப்பட்டோம் என்று சண்டை பிடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது ஊருக்குப் போகிறவர்களுக்கு. பிஜோன் என்றால் பிரெஞ்சில் புறா. எங்களிடமும் ஒரு புறாத்தீவு இருக்கிறது, நிலாவெளிக்கு முன்னால், 2003 முதல் தேசியப் பூங்கா. எரிமலை இல்லை, ஆனால் முருகைக்கல், ஆமை, கரும்முனைச் சுறா எல்லாம் உண்டு. மொன்றியலில் இருந்து ஆடி, ஆவணி விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் பாதி அங்கே ஒரு நாள் போகின்றன. கடல் அமைதியாக இருக்கும் காலமும் அதுதான், தண்ணீர் இடுப்பளவுதான், அதனால்தான் ஆபத்து. களைத்தவுடன் எல்லோரும் முருகைக்கல்லின் மேல் எழும்பி நிற்கிறார்கள். ஒரு பாதம் ஊன்றினால் உடைவது வளரப் பல வருஷம் எடுக்கும். தயவுசெய்து கரையில் ஜாக்கெற் வாடகைக்கு எடுங்கள், பிள்ளைகளுக்கும் போடுங்கள், களைத்தால் மல்லாந்து மிதவுங்கள். படகுக்காரத் தம்பி ஆமையைத் துரத்திக் காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவருக்குக் கொஞ்சம் கூடவே காசு கொடுங்கள்.